மீன் போன ஊருக்கெல்லாம் போன ஈயக்குண்டு

ஜூலை மாதத்தில் மிச்சிகன் ஏரியின் மேல்நீர் இறங்கிக் குளிக்கும்படி வெதுவெதுப்பாக இருக்கும். சால்மன் மீனுக்கு அது ஆகாது. 11 முதல் 13 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ந்த நீர்தான் அதற்குப் பிடிக்கும். கோடையில் அந்த நீர் பெரும்பாலும் 20, 30 மீட்டருக்குக் கீழே கிடக்கிறது. பரந்த ஏரியில் மீன் எங்கே திரிகிறது என்று தேட வேண்டும் என்பதால், படகு மெல்ல ஊர்ந்தபடியே தூண்டிலை இழுத்துக்கொண்டு போகும். ட்ரோலிங் என்பது இதுதான். இதில் வலைக்கு வேலையே இல்லை. ஆனால் படகு நகரத் தொடங்கியதும் நரம்பு, காற்றில் பட்டம் ஏறுவதுபோல, நீரில் மேலே ஏறிவிடுகிறது. கனமான ஈயத்தைக் கட்டினால் ஆழம் கிடைக்கும். ஆனால் மீன் மாட்டிய பிறகு அதோடு சேர்த்து ஈயத்தையும் இழுத்தாக வேண்டும். மீன் திமிறுவது கைக்கு எட்டாது.

ஈயத்தையும் மீனையும் பிரித்து வைத்ததுதான் டவுன்ரிக்கர் செய்த காரியம். படகின் பின்விளிம்பில் ஒரு சிறிய விஞ்ச். அதில் சுற்றியிருக்கும் எஃகுக் கம்பியின் நுனியில் நாலரை, ஐந்து கிலோ எடையுள்ள ஈயக்குண்டு. தூண்டில் கோலின் நரம்பை அந்தக் குண்டை ஒட்டிய கிளிப்பில் செருகிக் கீழே இறக்குகிறார்கள். குண்டு நிற்கும் ஆழத்தில் இரையும் நீந்துகிறது. மீன் கவ்வி வெடுக்கென்று இழுத்ததும் நரம்பு கிளிப்பிலிருந்து கழன்றுகொள்ளும். அதற்குப் பிறகு கோலுக்கும் மீனுக்கும் நடுவே எந்தச் சுமையும் கிடையாது. இப்படி நான்கைந்து கம்பிகளை இறக்கி, ஒவ்வொன்றிலும் ஒன்றுக்கு மேற்பட்ட நரம்புகளைக் கோத்தால், ஒரே படகு நீரின் பல அடுக்குகளையும் ஒரே நேரத்தில் துழாவிவிடும்.

வட அமெரிக்காவின் ஐம்பெரும் ஏரிகளில் மீன் பிடிப்பவர்களுக்கு இது அன்றாடப் பொருள். இதன் பூர்வீகத்தைத் தேடிப் போனால் இங்கிலாந்துப் பணக்காரர்களின் சாப்பாட்டு மேசை, ஏரியில் தவறி விழுந்த ஒரு கரண்டி, ரயிலேறிய பால் கேன்கள், நயாகராவைச் சுற்றி வெட்டிய கால்வாய், ரத்தம் உறிஞ்சும் ஒரு பிராணி என்று எதிர்பாராத உறவினர்கள் வரிசையாக வருகிறார்கள். அத்தனை பேரையும் இணைக்கும் இழை ஒன்று உண்டு: மீன் எந்த ஊருக்குக் குடிபோனதோ அந்த ஊருக்கு இந்தக் கருவியும் பின்னாலேயே போயிருக்கிறது.

இங்கிலாந்தின் வடமேற்கில் விண்டர்மியர் என்ற ஏரி இருக்கிறது. 17 கிலோமீட்டர் நீளம், ஆழமான இடத்தில் 60 மீட்டருக்குச் சற்று மேல். பனியுகம் முடிந்து பனிப்பாறைகள் பின்வாங்கியபோது அங்கே தங்கிவிட்ட குளிர்நீர் மீன் ஆர்க்டிக் சார். 17ஆம் நூற்றாண்டிலேயே இந்த மீனுக்குப் பெரிய கிராக்கி. வேகவைத்து, மசாலா சேர்த்து, வெண்ணெய் ஊற்றி மூடிய சார் மீன் பரிசுப் பொருளாகத் தொலைதூர நகரங்களுக்குப் போனது. குதிரையில் இங்கிலாந்தைச் சுற்றிவந்த செலியா ஃபைன்ஸ் என்ற பெண்மணி 1698இல் இந்தப் பக்கம் வந்து, இந்த மீனைச் சாப்பிட்டுப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். அடுத்த நூற்றாண்டில் லிவர்பூல் குயவர்கள் இதற்கென்றே தட்டையான வெள்ளைப் பாத்திரங்கள் செய்து, வெளிப்பக்கம் முழுக்க மீன் படம் தீட்டி விற்றார்கள். ஒரு மீனைப் பரிமாற மட்டுமே ஒரு பாத்திரம்! அவற்றை இன்று பழம்பொருள் சேகரிப்பவர்கள் தேடி வாங்குகிறார்கள்.

கிராக்கி இருந்தால் உத்தியும் பிறக்கும். விண்டர்மியர் மீனவர்கள் துடுப்புப் படகின் இரண்டு பக்கமும் நீளமான மரக் கழிகளை நீட்டினார்கள். ஒவ்வொரு கழியிலிருந்தும் ஒரு தாய்க்கயிறு கீழே இறங்கும்; அதன் நுனியில் ஈயம். அந்தத் தாய்க்கயிற்றிலிருந்து இடைவெளி விட்டு ஐந்தாறு கிளை நரம்புகள் பிரியும். ஒவ்வொன்றின் நுனியிலும் மெல்லிய பித்தளை, செம்பு, வெள்ளித் தகட்டில் கையாலேயே தட்டி வளைத்த ஒரு சுழலும் இரை. கழியின் முனையில் ஒரு சின்ன மணி. மீன் கடித்தால் மணி அடிக்கும். தகட்டின் எந்தப் பக்கம் வெள்ளி, எந்தப் பக்கம் செம்பு, எவ்வளவு வளைவு என்பது குடும்பத்துக்குள் காத்து வைத்த சங்கதி. ஒரே கயிற்றில் பல ஆழங்களைத் தேடும் யோசனை இங்கே முழுமையாகவே இருக்கிறது. ஆல்ப்ஸ் மலையடிவாரத்து இத்தாலிய ஏரிகளிலும் இதற்கு ஒரு சகோதரி உண்டு: செம்புக் கம்பியில் கிளை நரம்புகள் கோத்து இழுக்கும் டிர்லிண்டானா. அங்கேயும் தேடப்பட்ட மீன்களில் ஒன்று அதே ஆர்க்டிக் சார்தான்.

அட்லாண்டிக்கின் மறுகரையில் இரையின் கதை ஒரு கைத்தவறலில் தொடங்குகிறது. வெர்மான்ட் மாநிலத்தில் ஜூலியோ புயெல் என்ற இளைஞர் 1820களில் படகில் உட்கார்ந்து சாப்பிடும்போது கரண்டியை நீரில் தவறவிட்டாராம். மின்னி மின்னி மூழ்கிய கரண்டியின் மேல் ஒரு பெரிய மீன் பாய்ந்ததைப் பார்த்தவர், வீட்டுக்குப் போய் இன்னொரு கரண்டியின் காம்பை வெட்டி எறிந்து, ஒரு முனையில் முள்ளையும் மறுமுனையில் கயிற்றையும் பொருத்தினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அந்தக் கதை எப்படியோ, தொடர்ந்து நடந்தது பதிவில் இருக்கிறது. அவர் நியூயார்க் மாநிலத்தின் வைட்ஹாலில் தொழில் தொடங்கி, 1852இல் தன் இரைக்குக் காப்புரிமையும் வாங்கினார். காப்புரிமை இருந்தால் என்ன, நகலெடுப்பவர்கள் சும்மா இருப்பார்களா? செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையின் கிளேட்டனில் ஸ்கின்னர், பக்கத்தில் தெரேசா ஊரில் சாப்மன் என்று ஆளுக்கொரு வடிவத்தில் ஸ்பூன் அடித்து விற்றார்கள். மீன் பிடிக்கும் ஸ்பூன் அந்த வட்டாரத்தின் குடிசைத் தொழிலாகவே ஆனது.

அதே நியூயார்க் மாநிலத்தில், ராச்செஸ்டர் நகரில், மீன் வியாபாரியாக இருந்த செத் கிரீன் 1864இல் கலிடோனியா என்ற ஊரில் மீன் குஞ்சுப் பண்ணை வைத்தார். அமெரிக்க மீன் வளர்ப்பின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். அவர் பெயரைத் தாங்கிய ஒரு தூண்டில் அமைப்பு அங்குள்ள செனிகா, கியூகா போன்ற ஆழமான ஏரிகளில் பரவியது. அடியில் கனமான ஈயம், தாய்க்கயிற்றில் இடைவெளி விட்டு ஐந்தாறு நீளக் கிளைகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன். விண்டர்மியர் மீனவர் ஒருவர் பார்த்தால் தன் பாட்டன் சொத்து என்றே நினைப்பார். மீன் மாட்டினால் தாய்க்கயிற்றைக் கை மாற்றிக் கை மாற்றி இழுத்து, கிளைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வர வேண்டும். பலனுண்டு, ஆனால் வேலையும் உண்டு. வேறு சிலர் செம்புக் கம்பியையே நரம்பாகப் பயன்படுத்தி, அதன் எடையாலேயே ஆழம் போனார்கள்.

செத் கிரீனின் இன்னொரு வேலைதான் இந்தக் கதையின் போக்கை முன்கூட்டியே காட்டுகிறது. அமெரிக்காவின் இரு கரைகளையும் இணைக்கும் ரயில் பாதை 1869இல் முடிந்தது. இரண்டே ஆண்டில், 1871இல், அவர் ஷாட் மீனின் குஞ்சுகளைப் பால் கேன்களில் நிரப்பி, ரயிலேற்றி, வழியெல்லாம் நீரை மாற்றிக்கொண்டே நியூயார்க்கிலிருந்து கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ ஆற்றுக்குக் கொண்டுபோய் விட்டார். மீனை ஊர் மாற்றிக் குடிவைக்கலாம் என்ற எண்ணம் அன்றிலிருந்து ஒரு வேட்கையாகவே வளர்ந்தது. எதிர்த்திசையிலும் போக்குவரத்து தொடங்கியது. பசிபிக் கரையின் சினூக் சால்மன் குஞ்சுகளை 1873 முதல் 1933 வரை மீண்டும் மீண்டும் ஐம்பெரும் ஏரிகளில் விட்டுப் பார்த்தார்கள். ஒரு முறைகூட அது நிலைக்கவில்லை.

அந்தச் சால்மனின் தாய்வீட்டில், அலாஸ்கா முதல் ஒரிகன் வரையிலான பசிபிக் கரையில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து தூண்டிலை இழுத்துப் பிடிக்கும் வணிகப் படகுகள் பெருகின. கழி, தாய்க்கயிறு, ஈயம், கிளைகள் என்ற அதே பழைய அமைப்பு இங்கே இயந்திர பலம் பெற்றது. தாய்க்கயிறு எஃகுக் கம்பியானது. அதன் நுனியில் பீரங்கிக் குண்டு என்றே பெயர் பெற்ற பெரிய ஈயக்குண்டு தொங்கியது. வணிகப் படகுகளில் அது 15 கிலோவையும் தாண்டும். கம்பியைச் சுற்ற கர்டி என்ற விஞ்ச் வந்தது, முதலில் கையால், பிறகு இயந்திரத்தால். கம்பியில் சில மீட்டருக்கு ஒரு கிளையைக் கொக்கியில் மாட்டி இறக்குவார்கள். ஏற்றும்போது ஒவ்வொன்றாகக் கழற்றி, மீன் இருந்தால் படகுக்குள் போட்டுக்கொண்டு, காலிக் கிளையை ஒழுங்காக அடுக்குவார்கள். இந்தப் படகோட்டிகள் ஒரு விசித்திரத்தையும் கவனித்தார்கள். உப்பு நீரில் உலோகக் கம்பியைச் சுற்றி மெல்லிய மின்னோட்டம் உண்டாகும். அது சரியான அளவில் இருந்த படகுக்கு மீன் தேடி வந்தது, பிசகிய படகை விட்டு விலகியது. அதற்காகவே மின்னழுத்தத்தைத் திருத்தும் ஒரு கறுப்புப் பெட்டியைப் பின்னாளில் பலரும் பொருத்திக்கொண்டார்கள்.

ஆக, 1950களில் வேண்டிய பாகங்கள் எல்லாம் உலகத்தில் இருந்தன. விஞ்ச் இருந்தது, குண்டு இருந்தது, கம்பி இருந்தது, ஸ்பூன் இருந்தது. மிச்சிகன் ஏரியில் மட்டும் ஆழத்தில் பிடிக்கப் பெரிய மீன் இல்லை.

அதற்குக் காரணம் ஒரு கால்வாய். 50 மீட்டர் உயர நயாகரா அருவி கப்பலுக்கும் தடை, கடலிலிருந்து வரும் மீனுக்கும் தடை. அதைச் சுற்றிக்கொண்டு போக 1829இல் வெல்லண்ட் கால்வாயைத் திறந்தார்கள். கப்பலோடு விருந்தாளிகளும் ஏறினார்கள். கடல் லாம்ப்ரே என்பது விலாங்கு போன்ற உடலும், வட்ட வாய்க்குள் வளையம் வளையமாகப் பல்லும் கொண்ட பிராணி. மீனின் உடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும். 1921இல் ஈரி ஏரியில் தென்பட்டது; 1938க்குள் மிச்சிகன், ஹியூரான், சுப்பீரியர் மூன்றையும் எட்டிவிட்டது. அந்த ஏரிகளின் ராஜாவாக இருந்த லேக் ட்ரவுட் மீன், ஏற்கெனவே அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டு இளைத்திருந்த நிலையில், லாம்ப்ரேயின் கையில் சிக்கி 1950களில் மிச்சிகன் ஏரியிலிருந்து அடியோடு மறைந்தது.

வேட்டையாடும் மீன் போனதும் இரை மீனுக்குக் கொண்டாட்டம். ஏல்வைஃப் என்ற வெள்ளி நிறச் சிறு மீனும் கடலிலிருந்து வந்ததுதான். 1949இல் மிச்சிகன் ஏரியில் முதலில் கண்ணில்பட்ட அது, தின்ன ஆளில்லாமல் ஏரியையே நிரப்பியது. 1967 கோடையில் கோடிக்கணக்கில் செத்துக் கரை ஒதுங்கியது. சிகாகோ வரையிலான கடற்கரைபோன்ற மணல்வெளிகளில் அழுகிய மீனை இயந்திரம் வைத்து வாரிக் குவித்தார்கள். நாற்றம் தாங்காமல் சுற்றுலாப் பயணிகள் ஓடினார்கள்.

மீட்பு இரண்டு பக்கத்திலிருந்து வந்தது. ஹியூரான் ஏரிக்கரையின் ஹாமண்ட் பே ஆய்வு நிலையத்தில் வெர்னான் ஆப்பிள்கேட் என்ற விஞ்ஞானியும் அவர் குழுவினரும் சுமார் 6,000 ரசாயனங்களைச் சோதித்து, மற்ற மீன்களை விட்டுவிட்டு லாம்ப்ரே குஞ்சுகளை மட்டும் கொல்லும் டிஎஃப்எம் என்ற மருந்தைக் கண்டுபிடித்தார்கள். 1958இல் அதை ஓடைகளில் விடத் தொடங்கினார்கள். மறுபக்கம், 1964இல் மிச்சிகன் மாநில மீன்வளப் பிரிவுக்குத் தலைவராக வந்த ஹோவர்ட் டேனர், இத்தனை ஏல்வைஃப்பையும் தின்னக்கூடிய, பிடிப்பவருக்கும் மகிழ்ச்சி தரக்கூடிய ஒரு மீனைத் தேடினார். அந்த நேரம் பார்த்து ஒரிகன் மாநிலக் குஞ்சுப் பண்ணைகளில் கோஹோ சால்மன் முட்டை மிஞ்சியிருந்தது. ஏன் மிஞ்சியது? ஒரிகன்காரர்கள் ஈரப்பதமுள்ள ஒரு புதுவகை மீன் தீவனத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள். குஞ்சுகள் முன்னைவிட நன்றாகப் பிழைத்தன. முட்டை தேவைக்கு மேல் சேர்ந்தது. ஒரு தீவனக் குளிகை மட்டும் வந்திராவிட்டால் அடுத்து நடந்த எதுவும் நடந்திருக்காது.

சுமார் பத்து லட்சம் முட்டைகள் விமானத்தில் மிச்சிகன் வந்தன. 1966 வசந்தத்தில் பிளாட் ஆறு போன்ற ஓடைகளில் குஞ்சுகளை விட்டார்கள். அறுபது ஆண்டு முயற்சியில் நிலைக்காத பசிபிக் சால்மன் இந்த முறை ஏல்வைஃப் விருந்தில் மூழ்கி வளர்ந்தது. 1967 இலையுதிர் காலத்தில் பெரிய பெரிய கோஹோக்கள் ஆற்றுக்குத் திரும்பியபோது மிச்சிகனே பித்துப்பிடித்து ஏரிக்கு ஓடியது. சாலைகளில் மைல் கணக்கில் படகு இழுத்த கார்கள். சிற்றேரிக்கென்று செய்த சின்னப் படகுகளோடு கடல்போன்ற ஏரிக்குள் இறங்கினார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 23 அன்று திடீரென எழுந்த புயலில் ஏழு பேர் உயிரிழந்தார்கள். அந்தத் துயரத்துக்குப் பிறகும் கூட்டம் குறையவில்லை, படகுகள் பெரிதாயின.

இந்தக் கூட்டத்தின் கையில் இருந்ததோ கரையோர மீனுக்கான தூண்டில். இலையுதிர் காலத்தில் சால்மன் கரைக்கு வரும்போது அது போதும். கோடையில் மீன் 25 மீட்டர் கீழே போய்விடும்போது பயனில்லை. அப்போதுதான் எல்லாப் பாகங்களும் ஒன்று சேர்ந்தன. வணிகப் படகின் கர்டியைச் சுருக்கிப் பொழுதுபோக்குப் படகில் பொருத்தினால் ஆழம் கிடைக்கும். கிளை நரம்பைக் கம்பியிலேயே கட்டாமல், தனிக் கோலிலிருந்து வரவிட்டு, கம்பியில் லேசாகப் பிடிக்க வைத்தால் மீனோடு மல்லுக்கட்டும் சுகமும் கிடைக்கும். பிடிக்க வைக்க என்ன செய்வது? துணி காயப்போடும் கிளிப்பையும் சாதாரண ரப்பர் பேண்டையும் எடுத்தார்கள். ரப்பர் பேண்டை நரம்பில் சுற்றிக் குண்டின் கொக்கியில் மாட்டினால், மீன் இழுத்ததும் பேண்ட் அறுந்துவிடும். நூற்றாண்டுக்கணக்கான சிக்கலை முடித்துவைத்தது காசுக்கு ஒன்று கிடைக்கும் அந்த ரப்பர் வளையம். இன்றும் சில அனுபவசாலிகள் வேறு எதையும் நம்புவதில்லை.

வீட்டுப் பட்டறைகளில் கைக்குக் கிடைத்ததை வைத்துச் செய்தவர்கள் பலர். பார்த்துச் செய்தவர்கள் அதைவிடப் பலர். சீக்கிரமே அது தொழிலானது. மிச்சிகனிலேயே ரிவியரா, வாக்கர், பிக் ஜான் என்று கம்பெனிகள் முளைத்தன. பிலடெல்பியாவின் பென் ரீல் கம்பெனியும் இறங்கியது. பசிபிக் பக்கம் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஸ்காட்டி துருப்பிடிக்காத பிளாஸ்டிக் உடலோடு செய்தது. கேனன் மின்மோட்டாரில் பெயர் வாங்கியது. ஒருவர் ஆழத்தைக் காட்டும் எண்மானியை வைத்தால் அடுத்த ஆண்டு எல்லாரிடமும் எண்மானி. ஒருவர் குண்டுக்கு வால் வைத்தால் எல்லாக் குண்டுக்கும் வால். குண்டு மீன் வடிவமானது, தட்டையானது, டார்பிடோ வடிவமானது.

பல நரம்பு விடும் கலையை அருகில் இருந்து பார்த்தால்தான் அதன் நுட்பம் புரியும். லடிங்டன் போன்ற ஒரு துறைமுகத்திலிருந்து விடியலில் கிளம்பும் வாடகைப் படகில் நான்கு டவுன்ரிக்கர்கள் இருக்கும் என்று வையுங்கள். இரண்டு பின் மூலைகளில். இரண்டு படகின் பக்கவாட்டில் நீண்ட கைகளோடு, குண்டு வெளியே தள்ளி இறங்கும்படி. முதலில் ஸ்பூனைப் படகுக்குப் பின்னால் தேவையான தூரம் ஓடவிடுவார்கள். மீன் படகுச் சத்தத்துக்கு மிரளும் மேல்நீரில் தூரம் அதிகம், ஆழத்தில் குறைவு. பிறகு நரம்பைக் கிளிப்பில் செருகி, குண்டை இறக்குவார்கள். மூன்று, நான்கு மீட்டர் இறங்கியதும் நிறுத்தி, இரண்டாவது கோலின் நரம்பைக் கம்பியின் மேலேயே இன்னொரு கிளிப்பில் கோத்து, இரண்டையும் சேர்த்து இறக்குவார்கள். ஸ்டாக்கிங் என்பது இது. ஒரே கம்பி, இரண்டு ஆழம். கடைசியாக நரம்பின் தொய்வை ரீலில் சுற்றி எடுத்து, கோல் வில்லாக வளையும் வரை இறுக்கி வைப்பார்கள். மீன் கடித்து நரம்பு கழன்றதும் வளைந்த கோல் விருட்டென்று நிமிரும். அந்தத் துள்ளலிலேயே முள் மீனின் தாடையில் இறங்கிவிடும்.

இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. இரண்டு மீட்டர்போல ஒரு துண்டு நரம்பின் ஒரு முனையில் ஸ்பூனும் மறுமுனையில் கொக்கியும் வைத்து, ஏற்கெனவே இறங்கிக் கிடக்கும் நரம்பில் மாட்டி நீரில் போட்டுவிடுவார்கள். அது வழுக்கிக்கொண்டே போய், நரம்பு நீரின் தள்ளலில் வளைந்திருக்கும் நடுப்பகுதியில் நின்றுகொள்ளும். மீன் கடித்தால் கீழே பிரதான ஸ்பூன் வரை சறுக்கி மாட்டிக்கொள்ளும். கூடுதல் கோல் இல்லாமலே ஒரு கூடுதல் ஆழம்.

சிக்கல் வருவது திருப்பத்தில். படகு வளையும்போது உட்பக்கத்துக் குண்டின் வேகம் குறைந்து இரை ஆழம் இறங்கும். வெளிப்பக்கம் வேகமெடுத்து மேலே வரும். சட்டென்று திருப்பினால் கம்பிகள் பின்னிக்கொள்ளும். அதனால் பெரிய வட்டமாக வளைவார்கள். தேர்ந்த படகோட்டி அந்தத் திருப்பத்தையே செய்தியாகப் படிப்பார்: உட்பக்கக் கோல் நிமிர்ந்தால் மீன் மெதுவான இரையைக் கேட்கிறது, வெளிப்பக்கம் நிமிர்ந்தால் வேகத்தைக் கேட்கிறது. ஆழம் கூடக்கூட நீரின் எதிர்ப்பில் கம்பி பின்னோக்கிச் சாயும்; எண்மானி 30 மீட்டர் என்று காட்டினாலும் குண்டு அதற்கு மேலேதான் இருக்கும். எத்தனை நரம்பு என்பதற்குச் சட்டமும் உண்டு. மிச்சிகனில் ஓர் ஆளுக்கு மூன்று.

இந்த ஏற்பாட்டுக்குள் இரண்டு உலகப்போர்களின் வாரிசுகளும் ஒளிந்திருக்கிறார்கள். நீர்மூழ்கிகளைத் தேட வளர்ந்த ஒலி எதிரொலி நுட்பத்தை 1950களின் கடைசியில் லோரன்ஸ் குடும்பத்தார் பச்சை நிறச் சிறு பெட்டிக்குள் அடக்கி மீன்பிடிப்பவர்களுக்கு விற்றார்கள். இன்று அந்தத் திரையில் மீனும் தெரிகிறது, படகின் ஈயக்குண்டும் கோடாகத் தெரிகிறது. குண்டை மீனின் தலைக்குச் சற்று மேலே நிறுத்தலாம். நரம்புகளைப் படகின் இரு பக்கமும் விலக்கிக் கொண்டுபோகும் பலகைகளின் தத்துவமோ, முதல் உலகப்போரில் கண்ணிவெடிக் கம்பிகளை அறுக்கப் பிரிட்டிஷ் கப்பல்கள் இழுத்துச்சென்ற பாராவேனில் பெரிய அளவில் வேலை செய்தது. அதற்கும் முன்பே ஸ்காட்லாந்து ஏரிகளில் திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்கள் அதே தத்துவத்தில் பலகை ஒன்றைக் கயிற்றில் இழுத்துப் பல தூண்டில்களைப் பரப்பியிருக்கிறார்கள்.

பிறகு கருவி மறுபடியும் கடல் தாண்டியது. 1883இல் கலிபோர்னியாவிலிருந்து ரெயின்போ ட்ரவுட்டை வரவழைத்துக் குடிவைத்த நியூசிலாந்தில், டௌபோ ஏரியின் ஆழத்துக்கு டவுன்ரிக்கர் இறங்கியது. ஸ்காட்லாந்தின் ஆழமான ஏரிகளில் மற்ற மீன்களைத் தின்று பெரிதாகும் ஃபெராக்ஸ் ட்ரவுட்டைத் தேடுபவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஸ்வீடனின் வேனெர்ன் ஏரிச் சால்மனுக்கும், வேட்டெர்ன் ஏரியின் ஆர்க்டிக் சார் மீனுக்கும் அது போனது. விண்டர்மியரில் எந்த மீனுக்காகத் தாய்க்கயிறும் கிளைகளும் பிறந்தனவோ, அதே பனியுக மீனிடம் எஃகுக் கம்பியும் ரப்பர் கிளிப்புமாக வந்து சேர்ந்திருக்கிறது.

இந்தக் கதை தமிழர் வாசலுக்கும் வந்திருக்கிறது. ஒன்டாரியோ ஏரியின் சொந்தக் குடியான அட்லாண்டிக் சால்மன், ஆலைகளின் அணைகளாலும் காடழிப்பாலும் 19ஆம் நூற்றாண்டு முடியும்போதே அற்றுப்போனது. அதன் இடத்தில், கோஹோவைத் தொடர்ந்து குடிவந்த சினூக், ஒவ்வொரு செப்டம்பர், அக்டோபரிலும் முட்டையிட ஓடைகளில் ஏறுகிறது. டொரன்டோவின் ஸ்கார்பரோவில், ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் வாழும் பகுதியின் நடுவே ஓடும் ஹைலண்ட் கிரீக்கிலும் அது ஏறுகிறது. பாலத்தில் நின்று பிள்ளைகளுக்கு அந்த மீனைக் காட்டும் பெற்றோர் பலர். கோடை முழுக்க அதே மீன் ஏரியின் ஆழத்தில் ஈயக்குண்டுகளுக்கு நடுவே நீந்தியதுதான்.

புதிய குடிகள் வருவதும் நிற்கவில்லை. கடல் கப்பல்கள் நேரே உள்ளே வர 1959இல் செயின்ட் லாரன்ஸ் கடல்வழி திறந்தது. அவற்றின் அடித்தொட்டி நீரில் முள்வால் நீர்ப்பூச்சி வந்தது. 1982இல் ஒன்டாரியோ ஏரியில் கண்டார்கள். கோடையின் பின்பாதியில் டவுன்ரிக்கர் கம்பியைத் தூக்கினால், ஈரப் பஞ்சுபோல அது கொத்துக் கொத்தாய் ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றிலும் கடுகு அளவில்கூட இல்லாத ஒரு கறுப்புக் கண். கோலின் வளையங்களில் அடைத்துக்கொண்டால் ரீல் சுற்றாது. அதற்கென்றே தடித்த நரம்பு விற்கிறார்கள். 1988இல் வரிக்குதிரைச் சிப்பி, அதைத் தொடர்ந்து குவாகா சிப்பி. இவை நீரிலிருக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்றுவிட, ஏரி கண்ணாடிபோலத் தெளிந்தது; ஏல்வைஃப்புக்கு உணவு குறைந்தது. 2003, 2004 வாக்கில் ஹியூரான் ஏரியில் ஏல்வைஃப் சரிந்தது. அதை நம்பியிருந்த சினூக் சால்மனும் சரிந்தது. சால்மன் படகுகளால் பிழைத்த கரையோர ஊர்கள் வருமானம் இழந்தன. அதே கதி மிச்சிகன் ஏரிக்கு வரக்கூடாது என்று 2013இல் அங்கே விடும் சினூக் குஞ்சுகளைப் பாதியாகக் குறைத்தார்கள். மீன் வேண்டும் என்பதற்காகவே மீன் விடுவதைக் குறைத்த முடிவு அது.

அந்த முடிவு சரியானது என்பதற்கு இந்தக் கருவியின் வரலாறே சாட்சி. விஞ்சையும் குண்டையும் கிளிப்பையும் யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம், எடுத்தார்கள். மீன் இல்லாத ஏரியில் அவை வெறும் இரும்பும் ஈயமும். விண்டர்மியர் கழி முதல் மின்மோட்டார் டவுன்ரிக்கர் வரை ஒவ்வொரு முன்னேற்றமும் ஏதோ ஒரு மீன் பெருகிய இடத்தில்தான் நடந்திருக்கிறது. அதனால், படகில் இன்னும் எத்தனை நரம்பு விடலாம் என்று யோசிப்பவர்கள், ஆண்டுதோறும் விஞ்ஞானிகள் எடுக்கும் இரை மீன் கணக்கையும் அதே ஆர்வத்தோடு படிக்க வேண்டும். குஞ்சு விடுவது குறையும் ஆண்டில் அதிகாரிகளோடு சண்டைக்குப் போகாமல், கூட்டத்தில் உட்கார்ந்து காரணத்தைக் கேட்டு, தாங்கள் பிடித்த மீனின் வயிற்றில் என்ன இருந்தது என்பதையும் சொல்லிவிட்டு வர வேண்டும். பத்து நரம்பையும் சிக்கில்லாமல் இழுக்கத் தெரிந்தவர்களுக்கு ஏரியின் கணக்கும் விளங்காமல் போகாது.